இறங்கி வந்தவருக்கு ஐந்து மதிப்பெண்

காதை மட்டும் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய கதை இல்லை இது. முடிவில் உங்கள் தீர்ப்பும் வேண்டும்.

தெற்கே ஒரு நகராட்சிக்கு, முதியோர் வாழ ஏற்ற ஊர் என்று பெயரெடுக்கும் ஆசை வந்தது. குடியிருப்புகளை அளந்து மதிப்பெண் போட ஆட்களை அனுப்பியது. நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே வாங்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் வரும். மேலே வாங்கினால் வாசலில் பாராட்டுப் பலகை வரும். விதி அவ்வளவுதான்.

பவுனம்மாள் இருந்தது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில். வயது எழுபத்து மூன்று. முழங்கால் இரண்டும் தேய்ந்து, பத்து மாதமாகக் கீழே இறங்கித் தரையை மிதிக்கவில்லை. ஜன்னல் வழியே கயிற்றில் கூடையை இறக்கித்தான் காய்கறி வாங்குவார். லிஃப்ட் வராவிட்டால் அந்த வீட்டிலிருந்து அடுத்து இறங்குவது பாடையில்தான் என்று அவருக்குத் தெரியும்.

அளக்க வந்தவர் பெயர் தணிகைவேல். கீழே மரநிழலில் மேசையைப் போட்டு, ஒலிபெருக்கியில் அழைத்தார்: "அறுபது தாண்டினவங்க எல்லாரும் இறங்கி வந்து பதில் சொல்லுங்க."

அதே மாடியில் எதிர்வீட்டுக்காரர் தேவசகாயம், பவுனம்மாளைவிட இரண்டு வயது மூத்தவர், கொதித்துப் போனார். "இறங்க முடியாதுன்னு சொல்ல இறங்கி வரச் சொல்லுதான். முடிஞ்சா நான் எதுக்குச் சொல்லப் போறேன்? போகாதே பவுனு." கதவைச் சாத்திக்கொண்டார்.

"சொல்லாட்டி அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று பவுனம்மாள் கைப்பிடிச் சுவரைப் பற்றினார்.

அறுபத்திரண்டு படிகள். முதல் பத்தை நின்றபடி இறங்கினார். பிறகு உட்கார்ந்து உட்கார்ந்தே நகர்ந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் மூன்றாம் மாடி மீரான்கனி அவரைத் தாண்டிப் போனார், பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் தூக்கியிருந்தார்கள்.

"என்ன பாய், மாப்பிள்ளை ஊர்வலமா?"

"கொட்டுதான் குறையுது. நீ பின்னால தட்டத் தூக்கிட்டு வா. ஏலே, சாய்க்காதீங்கல!"

தணிகைவேல் நேர்மையானவர். படிவத்தில் இருந்ததை மட்டும் கேட்டார், கண்டதை மட்டும் எழுதினார். 'முதியவர் வீட்டை விட்டு வெளியே வருகிறாரா?' பவுனம்மாளைப் பார்த்தார். ஆம் என்று குறித்து ஐந்துக்கு ஐந்து போட்டார்.

"ஏய்யா, சேலையப் பாரு, படியில தேய்ஞ்சு கிழிஞ்சு கிடக்கு. இதுக்குப் பேரு வர்றதா?"

"வந்து நிக்கிறீங்களேம்மா. வரலைன்னு நான் எப்படி எழுத?"

'அண்டை வீட்டார் உதவி கிடைக்கிறதா?' மீரான்கனியின் நாற்காலியைப் பார்த்தார். அதற்கும் ஐந்து.

"தினமும் தூக்குவாங்களான்னு கேளும்."

"அப்படிக் கேள்வி இல்லைங்க, பாய்."

தேவசகாயத்தின் பெயரை மூன்று முறை அழைத்தார். பதில் இல்லை. வராதவர்களுக்குப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: 'வெளியே சென்றுள்ளார்'. அதைக் குறித்தார். வெளியே செல்ல முடிந்தவர் என்பதால் அங்கும் ஐந்து விழுந்தது.

"அவரு மேலதான்யா இருக்காரு!" என்று பவுனம்மாள் கத்தினார்.

"அப்படின்னா இறங்கி வரச் சொல்லுங்கம்மா."

கட்டடம் எண்பத்தாறு வாங்கியது. அன்று மீரான்கனியின் நாற்காலியில்தான் பவுனம்மாளை மேலே ஏற்றினார்கள். அடுத்த வாரம் வாசலில் பலகைக்கு ஆணி அடிக்கும் சத்தம் நான்காம் மாடிவரை கேட்டது.

"நீ போய்த்தான் கெடுத்த" என்றார் தேவசகாயம்.

"நீரு வராமத்தான் கெட்டுது" என்றார் பவுனம்மாள். நாற்காலியில் போன பாயை இருவரும் சேர்ந்து ஏசினார்கள்.

ஒருவர் வலியோடு இறங்கினார். ஒருவர் பிறர் தோளில் வந்தார். ஒருவர் வர மறுத்தார். மூவருக்கும் வேண்டியது லிஃப்ட்தான். இதில் யார் செய்தது சரி? முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு விடையைப் பாருங்கள்.

விடை: மூவரில் யாரைச் சொன்னாலும் தவறு. இறங்கினாலும், தூக்கி வரப்பட்டாலும், வராமலே இருந்தாலும் விழுவது ஐந்துதான். தான் தோற்கவே முடியாத தேர்வை ஊர் தனக்குத்தானே வைத்துக்கொண்டது. மேசையை நான்காம் மாடிக்குச் சுமந்து போயிருந்தால் தணிகைவேலுக்கு மூச்சு இரைத்திருக்கும். அந்த இரைப்பே எல்லாக் கேள்விக்கும் பதிலாகியிருக்கும். ஒரு படிகூட ஏறாதவர்களை விட்டுவிட்டு, அறுபத்திரண்டு படி வலியோடு இறங்கியவரிடம் சரியா தவறா என்று பார்த்தோமே, நாமும் அந்த மேசையருகே நின்றுதான் பார்த்தோம்.