பன்றி மாமாவுக்கு ஒரு பத்தி

ஒரு காட்டில் ஏழாம் வகுப்பு ஒன்று நடந்துவந்தது. காட்டில் ஏது வகுப்பு என்று கேட்காதீர்கள், கேட்டால் கதை நகராது. நாவல் மரத்தடிதான் வகுப்பறை. பாடம் சொல்லித் தந்தவர் நாரை டீச்சர். மீனுக்காக ஒற்றைக் காலில் நின்று பழகியவர் அல்லவா, பிள்ளைகளுக்காகவும் பொறுமையாக நிற்பார்.

அந்த வகுப்பில் சிலும்பி என்றொரு முள்ளம்பன்றிக் குட்டி இருந்தாள். பேருக்கேற்ற கோபக்காரி. யாராவது ஒரு வார்த்தை கூடச் சொன்னால் போதும், முதுகு முள் அத்தனையும் விறைத்துக்கொள்ளும்.

அந்தக் கோடையில் அவள் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. பாறையடி ஊற்றுதான் அந்தப் பக்கத்துக்கே தண்ணீர். புதிதாக வந்த ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம், கிழங்குக்காக ஊற்றுக்கண்ணைச் சுற்றித் தோண்டித் தள்ளியது. ஊற்று சேறாகித் தூர்ந்துகொண்டே வந்தது.

"இப்படியே போனா நாம மலைக்கு அந்தப் பக்கம் போயிட வேண்டியதுதான்" என்று சிலும்பியின் அம்மா மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். போனால் வீடும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. சிலும்பி அழுதுவிட்டாள்.

காட்டின் தலைவி ஒரு யானை. அவருக்குக் கூச்சல் ஆகாது. "சபையில் சண்டை கூடாது. குறை இருந்தால் முறையாகக் கட்டுரை எழுதிவந்து வாசியுங்கள்" என்று சொல்லியிருந்தார்.

சிலும்பி உடனே தன் முள்ளிலேயே ஒன்றைப் பிடுங்கி, தேக்கிலையில் விறுவிறுவென்று எழுதி டீச்சரிடம் நீட்டினாள்.

"அந்தப் பன்றி ஒரு தின்னிப்பண்டாரம். வெட்கங்கெட்ட ஜென்மம். அது ஊற்றை நாசம் பண்ணுவதைக் காடே பார்த்துக் காறித் துப்புகிறது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "காடேன்னா யாரு?"

"நானும் மானும் பார்த்தோம் டீச்சர்."

"அப்ப அதையே எழுது. என்ன பார்த்தீங்க?"

"ஊற்றுக்கண் பக்கத்துல குழி. குழி மண்ணு சரிஞ்சு தண்ணியில விழுது."

"அதுதான் வேணும். தின்னிப்பண்டாரத்தை எடுத்துடு."

"ஏன் டீச்சர்? உண்மைதானே!"

"நீ திட்டினா அவர் பதிலுக்குத் திட்டுவார். அப்புறம் சபையில யாருக்கும் தண்ணி ஞாபகமே வராது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சிலும்பி மறுபடி எழுதினாள். டீச்சர் படித்துப் பார்த்தார். "பிரமாதம்! இன்னும் ஒரு பத்தி பாக்கி. பன்றி மாமா ஏன் தோண்டுறார்? அவர் பக்கத்தையும் எழுது."

அவ்வளவுதான், முள் அத்தனையும் நிமிர்ந்துவிட்டது. "அவருக்கு நான் வக்காலத்து வாங்கணுமா? நீங்க யார் பக்கம் டீச்சர்?"

"உன் பக்கம்தான், அதனாலதான் சொல்றேன். நீ மறைச்சு எழுதினா அவர் சபையில எழுந்து சொல்லுவார். அப்ப நீ திருதிருன்னு முழிப்பே."

"அவர் ஏன் தோண்டுறார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போய்க் கேளு."

பாவம் சிலும்பி. பயம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். ஆனாலும் போனாள்.

பன்றி உறுமியது. "என்ன, நீயும் திட்ட வந்தியா?"

"இல்ல மாமா. கேட்க வந்தேன். ஏன் இங்கேயே தோண்டுறீங்க?"

பன்றி சேறு படிந்த மூக்கை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. வந்த நாளாய் அதனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"எங்க காடு தீயில போச்சும்மா. குட்டிங்க பசியில கத்துதுங்க. கீழ்ச்சரிவுல கிழங்கு கிடக்கு. ஆனா மண்ணு காஞ்சு கல்லாயிடுச்சு, மூக்கு இறங்கல. இங்கேதான் ஈரம். வேற என்ன செய்யச் சொல்றே?"

அதன் பின்னால் குட்டிகள் விலா எலும்பு தெரிய நின்றிருந்தன. சிலும்பியின் முள் தானாகப் படிந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அம்மா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தாள்.

சபை கூடியது. பன்றி வரும் வழியிலேயே கோரைப்பற்களைப் பாறையில் தீட்டிக்கொண்டு வந்திருந்தது. சிலும்பி தேக்கிலையைப் பிரித்து வாசித்தாள்.

"பாறையடி ஊற்று இப்பகுதியின் ஒரே நீராதாரம். ஊற்றுக்கண்ணை ஒட்டிக் குழி தோண்டுவதால் மண் சரிந்து நீர்வரத்து குறைகிறது. இதை நானும் மானும் நேரில் கண்டோம். எனினும், பன்றிக் குடும்பத்தின் நிலையையும் கருத வேண்டும். அவர்களுடைய காடு தீயில் அழிந்தது. குட்டிகள் பட்டினி கிடக்கின்றன. கீழ்ச்சரிவில் கிழங்கு இருந்தும், நிலம் இறுகியதால் அவர்களால் தோண்ட இயலவில்லை."

"அடிப்பாவி, கட்சி மாறிட்டா!" என்று மரத்திலிருந்து குரங்கு கத்தியது. யானை நிமிர்ந்து பார்த்தார். குரங்கு வாயைப் பொத்திக்கொண்டது.

"இறுகிய நிலத்தைத் தோண்ட முள்ளம்பன்றிகளின் நகங்களால் இயலும். ஆகவே, கீழ்ச்சரிவை நாங்கள் தோண்டித் தருகிறோம். ஊற்றுக்கண்ணை அவர்கள் விட்டுத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

யானை பன்றியின் பக்கம் திரும்பினார். "உன் பதில் என்ன?"

பன்றி முன்னால் வந்தது. "நான் என்னத்தைச் சொல்ல தலைவி? சொல்ல வந்ததையெல்லாம் இந்தப் புள்ளையே சொல்லிடுச்சு. நானா இருந்தா கத்தியே காரியத்தைக் கெடுத்திருப்பேன்." அது சிலும்பியின் பக்கம் திரும்பியது. "ஊற்றை விட்டுர்றோம். எங்கே தோண்டணும்னு காட்டும்மா."

அன்று மாலையே கீழ்ச்சரிவில் வேலை தொடங்கியது. நாரை டீச்சரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பன்றி மெதுவாகச் சிலும்பியின் பக்கத்தில் வந்தது.

"உண்மையைச் சொல்லு. முதல்ல என்னைப் பத்தி என்ன எழுதினே?"

சிலும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வானத்தைப் பார்த்தார்.

"அது வந்து... அந்த வரியை டீச்சர் எடுக்கச் சொல்லிட்டாங்க மாமா."

பன்றி சரிவே அதிரச் சிரித்தது. மேலே, வீட்டு வாசலில், அம்மா மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நீதி: எதிராளியின் நியாயத்தையும் கேட்டு எழுதுபவரின் வழக்கே சபையில் எடுபடும்.