எழுந்திருக்காத ஜமீன்தார்

"உட்கார்ந்தா நான் மலை மாதிரி தெரியணும். தப்பினா கட்டைவிரல் போயிடும்," என்று நாற்காலி செய்ய வந்த தச்சர் பிச்சை ஆசாரியிடம் சொன்னார் குள்ள ஜமீன்தார். முற்றத்து நடுவில் கிடந்த மரக்கட்டையில் ஜமீன்தாரே தன் கையால் விரல் வெட்டுவதுதான் அந்த வம்சத்து வழக்கம். ஆசாரியின் அண்ணன் விரலும் அங்கேதான் போனது.

ஆசாரி நாற்காலியையே சிறிதாக்கிச் செய்தார். சாய்மானம் தோளுக்குக் கீழே நின்றது, கைப்பிடிகள் குச்சியாய் இருந்தன. அதில் உட்கார்ந்தவரைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்தார்!

"இதை இன்னொருத்தனுக்கு நீ செய்யக்கூடாது. வைடா விரலை!"

ஆசாரி கட்டையில் விரலை வைத்தார்.

"வச்சுட்டேன் சாமி. எழுந்து வாங்க."

ஊர் பார்த்துக்கொண்டே நின்றது. கடைசி ஆள் கலைந்து போகும்வரை ஜமீன்தார் எழுந்திருக்கவே இல்லை.