ஐந்து வாட் செல்வக்கனி

தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் டீசல் பம்பு ஓட்டுகிறவள் செல்வக்கனி. பரீட்சை எழுதி, தூரத்து ஆட்களோடு ரேடியோவில் பேசுகிற ஹாம் ரேடியோ லைசென்ஸும் வாங்கியிருந்தாள். அவளுடைய செட் டிபன் பாக்ஸ் அளவுதான், சக்தி வெறும் ஐந்து வாட்.

புயல் நேரத்தில் கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்து ரேடியோவில் வரும் அழைப்புகளைக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. செல்வக்கனி பெயர் கொடுத்தாள். ஹாம் ரேடியோ கிளப் தலைவர் ஞானதுரை அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. அவர் வீட்டில் எழுபதடி டவரும் நானூறு வாட் செட்டும் இருந்தன.

"ஏ பிள்ள, ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள கடல் தாண்டி ஒருத்தர்கிட்ட பேசிக் காட்டு. இல்லன்னா பேர அடிச்சிருவேன்."

"சரி அண்ணாச்சி. எந்த இடத்துல இருந்து பேசணும்ங்கத மட்டும் நான் பாத்துக்கிடுதேன்."

உப்புத்தண்ணி பக்கத்தில் இருந்தால் சிக்னல் தூரம் போகும். அதனால் தூண்டில் கம்பில் ஒயரைக் கட்டி உப்புப் பாத்தியிலேயே நட்டாள். ஞாயிறு நாலு மணிக்கு, கிளப்காரர்கள் சுற்றி நிற்க, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் பதில் சொன்னார்.

வீட்டிலிருந்த அண்ணாச்சிக்குச் செல்வக்கனி போன் போட்டாள். அவர் நம்பவில்லை. தன் செட்டில் அதே அலைவரிசையில் கூப்பிட்டார். தென்னாப்பிரிக்காக்காரர் மூன்று முறை பதில் சொன்னார். உப்பளத்தில் எல்லோருக்கும் கேட்டது. அண்ணாச்சிக்கோ வீட்டு ஏசியும் இன்வெர்ட்டரும் ரேடியோவில் கிளப்பிய இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"பொய்யா சொல்லுத? அங்க ஒருத்தனுமில்ல" என்றார் போனில்.

"மூணு தடவ உங்களுக்குப் பதில் சொல்லிட்டாரு அண்ணாச்சி. உங்க சத்தம் கணீர்னு கேக்குதாம். ஆனா புயலன்னைக்குக் கடல்ல மாட்டிக்கிட்டவங்க செட்டும் சின்னதாத்தான் இருக்கும். அவங்க கூப்பிடுதது யாருக்குக் கேக்கும்?"

"திங்கக்கிழம ரெண்டு போட்டோ கொண்டா, கலெக்டர் ஆபீஸ் பாஸுக்கு" என்றார் அண்ணாச்சி.