தணிகாசலம் மாட்டிய கப்பு

விருத்தாசலத்தில் மங்கையர்க்கரசியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் எடுத்தவர் இல்லை. ஒரு பீங்கான் ஆலையில் சரக்குத் தரம் பார்த்தவர். வேலையை விட்ட பிறகு வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு, பழைய கப்புகளைச் சேர்த்து வைத்து, வருகிறவர்களுக்கு அவற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்.

கப்பு என்றதும் காபியை நினைக்க வேண்டாம். கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து கம்பியைத் தாங்கி, கம்பத்துக்குள் கரண்ட் இறங்காமல் தடுக்கிறதே, அந்தப் பீங்கான் குமிழ்தான் கப்பு. மின்கம்பத்துக் கப்பு, தந்திக் கம்பத்துக் கப்பு, கண்ணாடியில் வார்த்த கப்பு என்று எல்லாமே அவரிடம் இருந்தன. இதையெல்லாம் போய் யார் கற்றுக்கொள்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நாலு பேர் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் கொளஞ்சி. ஜங்ஷன் ரோட்டில் தையல் கடை வைத்திருப்பவர். டீச்சரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கப்பின் அடியில் விரிந்து தொங்கும் பகுதிக்குப் பாவாடை என்று பெயர் என டீச்சர் சொன்ன அன்று, "அப்படின்னா நான் பாதி படிச்ச மாதிரிதான்" என்று சிரித்தவர். அதற்குப் பிறகு அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஆசைக்கு வந்தார்கள், இவர் மட்டும் ஏதோ கடன் தீர்க்க வந்தவர் போலக் கற்றுக்கொண்டார்.

மழை பெய்த மறுநாள் காலையில் டீச்சர் அவரைப் பழைய ரயில் பாதைப் பக்கம் அழைத்துப்போவார். தந்திக் கம்பங்களைப் பிடுங்கிப் போட்ட இடம் அது. மழை மண்ணைக் கழுவிவிட்டால், ஜல்லிக்கு நடுவே ஏதாவது பளபளக்கும். ஒருநாள் கொளஞ்சி ஒரு கண்ணாடிக் கப்பை எடுத்துத் துடைத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். லேசான ஊதா நிறம் தெரிந்தது.

"சாயம் போட்டிருக்காங்களா டீச்சர்?"

"இல்லண்ணே. வார்க்கும்போது நெறமே இல்லாமத்தான் இருந்திருக்கும். வருஷக்கணக்கா வெயில்ல நின்னதுல இப்பிடி ஆயிருக்கு. சாயம் போட்டு ஏமாத்துறவங்களும் இருக்காங்க. அது கத்திரிக்கா மாதிரி அடர்த்தியா இருக்கும். பாத்ததுமே தெரிஞ்சிடும்."

கொளஞ்சி அதைப் பையில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, வந்த நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"உடைஞ்சு போன கப்பப் பாத்து, அது எதனால உடைஞ்சுதுன்னு சொல்ல முடியுமா?"

"வாங்க, காட்டுறேன்" என்றார் டீச்சர். கொட்டகைக்கு வந்ததும் இரண்டு உடைந்த துண்டுகளை எடுத்தார். இரண்டின் உடைந்த விளிம்பிலும் தூரிகையால் நீல மையைத் தடவினார். கொஞ்சம் பொறுத்து ஈரத்துணியால் துடைத்தார். ஒரு துண்டில் மை சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்றில் உள்ளே இறங்கி, நீலமாகவே நின்றுவிட்டது.

"மொத துண்டு நல்லா வெந்தது. யாரோ போட்டு உடைச்சதோ, மாட்டும்போது கை தவறினதோ இருக்கும். இது சூளையிலேயே சரியா வேகாதது. தண்ணியக் குடிக்கும். ஒரு நல்ல மழை வந்தா கரண்ட கீழ விட்டுடும்."

கொளஞ்சி அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கடையைத் திறக்காமல் ஒரு மூட்டையோடு வந்தார். மஞ்சள் துணிக்குள் பழுப்பு நிறக் கப்பின் பாதி இருந்தது.

"எங்க அண்ணன் தணிகாசலம் கடைசியா மாட்டினது" என்றார். "லைன்மேன். மாட்டின பத்தாம் நாள் மழை. அதே கம்பத்துல கை வச்சாரு, அதோட சரி. மாட்டும்போது அளவுக்கு மீறி முறுக்கி அவரே விரிசல் விட வச்சுட்டாருன்னு ஆபீசுல எழுதிட்டாங்க. அவர் சாவுக்கு அவரே காரணமாம்."

"ம்."

"பொணத்த எடுக்கும்போது அண்ணிகிட்ட எல்லார் முன்னாடியும் சொன்னேன். அண்ணன் மேல தப்பில்லன்னு காட்டிட்டுத்தான் உங்க வாசப்படிய மிதிப்பேன்னு. இருபது வருஷம் ஆயிடுச்சி டீச்சர். அவங்க பண்ருட்டியிலதான் இருக்காங்க. பஸ் ஏறினா ஒரு மணி நேரம். நான் போகல."

டீச்சர் துண்டைக் கையில் வாங்கினார். வழக்கம்போல விரலால் தட்டவில்லை, அடியில் ஆலை முத்திரையைத் தேடவுமில்லை. உடைந்த விளிம்பை மூக்கருகே கொண்டுபோனார்.

"நல்லெண்ண வாசன அடிக்குதே."

கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டார். "வருஷா வருஷம் திதி அன்னிக்கி எண்ண தடவி, பொட்டு வச்சு, வெளக்கேத்திக் கும்பிடுவேன்."

"எண்ணப் பிசுக்கு விளிம்ப மூடியிருக்கும், மை உள்ள எறங்காது. இதுல மைய வச்சா பொய்தான் சொல்லும்ணே."

பாவம், மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. அண்ணனுக்காக ஒரே ஒரு சாட்சியைக் காப்பாற்றி வைத்தார், கும்பிட்டுக் கும்பிட்டே அதன் வாயையும் அடைத்துவிட்டார்.

"வேற வழி?"

"புதுசா உடைக்கணும்."

"டீச்சர், அவரு கை பட்ட பொருள்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

டீச்சர் சின்னச் சுத்தியலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். வற்புறுத்தவில்லை. போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவர் திரும்பி வரும்போது கொளஞ்சி கண்களை மூடிக்கொண்டு ஒரு போடு போட்டார். ஒரு மூலை தெறித்து விழுந்தது. புது விளிம்பு பச்சரிசி மாவு போல வெளேரென்று இருந்தது.

கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தூரிகையை மையில் தோய்த்தார்.

"மை உறிஞ்சினா என்னண்ணே பண்ணுவீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"இப்பவே பஸ் ஏறிடுவேன். அண்ணி கால்ல விழுந்து, அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லுவேன்."

"உறிஞ்சலன்னா?"

தூரிகை விளிம்பைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு மை பலகையில் விழுந்தது.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?" என்றார் கொளஞ்சி.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணன் மேல தப்பா இல்லையான்னு அவங்க உங்கள எப்பவாவது கேட்டாங்களா?"

கொளஞ்சி யோசித்தார். "இல்ல. ஒரு தடவகூடக் கேக்கல."

"கோவமா இருக்காங்களோ?"

"சேச்சே. பலாப்பழ சீசன் வந்தா சொளைய எடுத்து டப்பாவுல போட்டு, இந்தப் பக்கம் வர்ற ஆள்கிட்டக் குடுத்துவிடுவாங்க. ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல."

"டப்பாவ மட்டும்தான் குடுத்துவிடுவாங்களா? ஒண்ணும் சொல்லி விட மாட்டாங்களா?"

கொளஞ்சி தூரிகையைக் கீழே வைத்தார்.

"'தம்பி எப்ப வருது'ன்னு கேட்டு விடுவாங்க."

"நீங்க என்ன சொல்லி அனுப்புவீங்க?"

"ஒண்ணும் சொன்னதில்ல."

டீச்சர் புதிதாக உடைந்த துண்டை மஞ்சள் துணியிலேயே வைத்து, விளிம்பில் கை படாமல் மூடினார்.

"மை இங்கதான் இருக்கும்ணே. அண்ணி கேட்டதுக்கு மொதல்ல நேர்ல போயி பதில் சொல்லிட்டு வாங்க."