ஆயுத பூஜையன்று ஓடிய மெஷின்

தண்டபாணி பெருந்துறையில் ஹெல்மெட் கம்பெனி வைத்திருந்தார். மடத்துச் சாமியிடம் இருபது வருஷமாக வந்துபோகிற சீடர். அன்றைக்குக் காலில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"சாமி, ஒரு பால்காரர் செத்துட்டாருங்க. வண்டி சறுக்கிருச்சு. எங்க ஹெல்மெட்தான் போட்டிருந்தாரு. அது ரெண்டாப் பொளந்துருச்சு."

"ம்."

"அவரு சம்சாரம் கம்பெனிக்கு வந்துச்சு. சண்டை போடலீங்க. 'போட்டுட்டுத்தானே போனாரு, பொறவு எப்படிங்க?'ன்னு கேட்டுச்சு. விதிம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். விதிதானுங்களே சாமி?"

சாமி வேறொன்றைக் கேட்டார்.

"தர முத்திரை வாங்கியிருக்கியே. சோதிச்சுத்தானே குடுத்தாங்க?"

தண்டபாணியின் வாயிலிருந்து எல்லாமே வந்துவிட்டது. சோதனை மெஷின் கெட்டு ரெண்டு வருஷம். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் கம்பெனி ஆட்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பிரியாணி வரவழைத்து, மூன்று பேனாவை மாற்றி மாற்றி, வருஷம் முழுக்கச் சோதித்ததாக நோட்டில் எழுதிவிடுவார்களாம். ஒருதரம் அவசரத்தில் ஆயுத பூஜைக்கும் எழுதிவிட்டார்களாம்.

"கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிச்சுட்டாருங்க. 'ஏனுங்க, பொட்டு வெச்ச மெஷினையுமா ஓட்டுனீங்க?'ன்னு ஒரே சிரிப்பு. அவரு பேனாவையே குடுத்துத் தேதியை மாத்தச் சொன்னாரு. கவர் வாங்கிட்டாரில்லீங்களா."

என்ன மனுஷர்களோ! சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டபாணியின் காரிலிருந்து ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னார். தலையில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சமையல்கட்டுல அம்மிக் குழவி இருக்குது. எடுத்தாந்து ஓங்கிப் போடு."

"ஐயோ, சாமி!"

"விதிங்கறியே. எனக்கும் இருந்தா பாத்துக்கலாம். போடு."

தண்டபாணி குழவியைக் கொண்டுவந்து தூக்கினார். கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"ஏன்?"

"உடைஞ்சுரும் சாமி. எனக்குத் தெரியுமே."

"இன்னும் எத்தனை பேரு தலையில இருக்குது?"

"ஈரோடு, கோபி, தாராபுரம்... எல்லா ஊருலயும் இருக்குதுங்க."

"உடைஞ்சுரும்னு சொன்னியே, அதை முதல்ல அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லு. பொறவு ஊருக்குச் சொல்லு."

"சொன்னா கம்பெனி போயிருங்க. ஜெயிலும் வரும்."

"வரும்."

சாமி வாரை அவிழ்த்தார்.

"காரை எடு, நானும் வர்றேன். அந்தத் தர முத்திரை சர்டிபிகேட்டைக் கொண்டாந்து என் காலடியில வெச்சியே, ஒரு வார்த்தை கேக்காம குங்குமம் வெச்சுக் குடுத்தவன் நான்தானே."