வேண்மாளின் முதற்பந்தி

நெருங்கி உட்காருங்கள், பெரியவர்கள் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு முகம் தெரியட்டும். யானை வந்தால் ஊரே தெருவை விட்டு ஒதுங்கி நின்ற காலத்துக் கதை இது.

கொன்றையூரில் ஓர் அரசி இருந்தாள். அரசி என்றால் இன்னும் முடி சூடாத அரசி. பெயர் வேண்மாள். வயது பத்தொன்பது. அப்பா சைவர், அம்மா சமணர். அப்பா விரதம் இருந்து பொழுது சாய்ந்தபின் உண்ட நாளெல்லாம், அம்மா பொழுது சாயும் முன்பே உண்டு முடித்திருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு இலையிலும் கை வைத்து வளர்ந்த பெண் அவள். அந்த இரண்டு பேரும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் ஊர் இரண்டுபட்டது. "இவள் அம்மாவின் பெண். கோயிலைப் பூட்டிவிடுவாள்" என்றார்கள் சைவர்கள். "இவள் அப்பாவின் பெண். அருகனைத் தொழும் நம் பள்ளியை இடித்துவிடுவாள்" என்றார்கள் சமணர்கள். அந்தப் பேச்சைச் சைவத் தெருவில் விதைத்தவனும், சமணத் தெருவில் விதைத்தவனும் ஒரே ஆள்தான். அவளுடைய சித்தப்பன் இளங்காரி. அவனுக்குச் சிவனும் வேண்டாம், அருகனும் வேண்டாம். அரியணை இருந்தால் போதும்.

கொன்றையூரில் ஒரு வழக்கம் இருந்தது. முடி சூடும் நாளில், சூடப்போகிறவர் தம் கையால் சமைத்து, சைவர் தலைவரையும் சமணர் தலைவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். அதற்கு முதற்பந்தி என்று பெயர். இருவரில் ஒருவர் உண்ணாவிட்டாலும், ஒருவர் முடிக்குமுன் மற்றவர் எழுந்துவிட்டாலும், அரியணை அடுத்த வாரிசுக்குப் போய்விடும். அரச குடும்பத்தில் எவராவது பாதியில் எழுந்தால், அவருக்கும் அந்த வீட்டுக்கும் உறவு அற்றுவிடும். அப்படி யாரும் எழுந்ததே இல்லை என்பதால், இந்தக் கடைசிப் பகுதியை எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள்.

இளங்காரி சோதிடரைக் கையில் போட்டுக்கொண்டு நாள் குறித்தான். எந்த நாள் தெரியுமா? பிரதோஷ நாள்! பொழுது சாயும் நேரத்துப் பூசை முடியாமல் சைவர் வாயில் ஒரு பருக்கை போகாது. பொழுது சாய்ந்துவிட்டால் சமணர் வாயில் ஒரு பருக்கை போகாது. இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உண்ணவைப்பது எப்படி?

சேதி கேட்டு வேண்மாள் முதலில் கோபப்பட்டாள். பிறகு கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பல்லக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நடந்தே போனாள்.

சைவர் தலைவர் ஆதனார் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். பிடிவாதம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"தாத்தா, நீங்க விரதத்தை விட வேண்டாம். நேமித் தாத்தா சாப்பிடும்போது பசியோட பக்கத்துல உட்காந்திருந்தா போதும்."

"அந்த நேமி தின்ன நான் வேடிக்கை பார்க்கணுமா? அவர் முடிச்சதும் இலையை மடிச்சுட்டுப் போயிடுவார். எனக்காகக் காத்திருப்பார்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல தாத்தா. அவர் எழுந்தா அரியணை சித்தப்பாவுக்குப் போயிடும், நான் ஊரை விட்டுப் போகணும். அவ்வளவுதான்."

சமணர் தலைவர் நேமியார் வீட்டு முற்றத்தில் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். நீரில் இருக்கும் சிற்றுயிரும் சாகக் கூடாதே! அவரும் நல்ல மனிதர்தான். பிடிவாதம் ஆதனாரைவிட ஒரு பிடி கூடுதல்.

"தாத்தா, நீங்க பொழுதோட சாப்பிட்டுடுங்க. அப்புறம் எழாம அவர் பக்கத்துல இருந்தா போதும்."

"இருட்டுல இலை முன்னாடி உட்கார்ந்தா ஊர் என்ன சொல்லும்? நேமி ராத்திரி தின்னான்னு சொல்லாதா?"

"வாங்க தாத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். இருவரும் சரி என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. கோயில் வாசலுக்கு எதிரே இருந்த அரண்மனை முற்றத்தில் பந்தி போடச் சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே நந்தியின் கொம்புகளும், அவற்றுக்கிடையே கருவறையும் தெரியும். மேற்கே பார்த்தால் சூரியனும் தெரியும். விடியலில் இருந்து அடுப்படியில் நின்று அவளே சமைத்தாள். வேரில் விளைந்ததை அம்மா தொடமாட்டாள் என்பது நினைவிருந்ததால் கிழங்கில்லை. வாழைக்காய், பூசணி, பருப்பு, பாயசம்.

இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். ஒருவரையொருவர் பாராமல் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். அவரவர் ஆட்கள் முறைத்தபடி உட்கார்ந்தார்கள். பந்தியின் கோடியில் இளங்காரி உட்கார்ந்தான். பந்தி கலைந்ததும் பாயச் சொல்லி, வாளோடு ஆட்களை மதிலோரம் நிறுத்தியிருந்தான்.

நேமியார் தம் துணியில் தண்ணீரை வடித்துக்கொண்டு உண்ணத் தொடங்கினார். பாவம், சூரியனைப் பார்ப்பதும் ஒரு வாய் போடுவதுமாக இருந்தார். அவசரத்தில் விக்கிக்கொண்டது.

ஆதனார் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? பசியோடு இருப்பவருக்கு அடுத்தவர் விக்கலும் கேட்கும்தானே. மேற்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பொழுது இன்னும் ஒரு தென்னை உயரம் இருக்கு, ஓய். நிதானமா சாப்பிடும். அம்மாடி, அவருக்கு மோர் ஊத்து."

நேமியார் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிதானமாக உண்டார். ஆதனார் அவருக்காகச் சூரியனைக் காவல் காத்தார். கடைசி வாய் உள்ளே போகவும் பொழுது அடங்கவும் சரியாக இருந்தது.

எதிரே கோயில் மணி அடித்தது. நந்தியின் கொம்புகளுக்கிடையே தீபம் தெரிந்தது. ஆதனார் உட்கார்ந்தபடியே கைகூப்பினார். வேண்மாள் அவர் இலையில் சோறு வைத்தாள். இப்போது நேமியார் இலையை மடித்தால் எல்லாம் போயிற்று.

இளங்காரி சிரித்தான். "நேமியாரே, இருட்டிவிட்டது. இன்னும் இலை முன்னால் உமக்கு என்ன வேலை?"

பந்தி முழுக்க நேமியாரையே பார்த்தது. அவர் இருந்த இடத்திலேயே கையைக் கழுவிக்கொண்டார்.

"நான் சாப்பிட உட்காரல. துணைக்கு உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

ஆதனாருக்கு இலை தெரிய ஒரு விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். பூச்சிகள் சுடரைச் சுற்றின. ஒன்று விழப்போனது. நேமியார் முகம் சுருங்கியது. தண்ணீர் வடித்த அந்த வெள்ளைத் துணியை எடுத்து உதறினார். இரண்டு கையாலும் விளக்கைச் சுற்றித் திரைபோல் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் துணி வழியே வந்தது, பூச்சிகள் வெளியே நின்றுகொண்டன.

"கை வலிக்கப்போகுது, ஓய்" என்றார் ஆதனார்.

"வலிச்சா வலிக்கட்டும். பூச்சியும் சாகக் கூடாது, உமக்கு இலையும் தெரியணும். நிதானமா சாப்பிடும்."

அந்த வெளிச்சத்தில் சைவர்கள் எல்லாரும் உண்டார்கள். எல்லாம் முடியப்போகிற நேரத்தில் இளங்காரிக்குப் பொறுக்கவில்லை. "இது பந்தியே இல்லை!" என்று துள்ளி எழுந்தான்.

மறந்துபோன வழக்கம் அத்தனை பேருக்கும் அந்தக் கணத்தில்தான் நினைவுக்கு வந்தது.

"உட்காருங்க சித்தப்பா" என்றாள் வேண்மாள். அவன் அசையவில்லை.

"உட்காருங்க சித்தப்பா, பாயசம் இன்னும் வரல." அவன் மதிலோரம் பார்த்துக் கையை ஆட்டினான். வாள் பிடித்தவர்கள் அவனைப் பார்க்கவே இல்லை. அவர்கள் கண்ணெல்லாம் அந்த விளக்கின் மேல் இருந்தது.

"உட்காருங்க சித்தப்பா. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்னு எனக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க." இதைச் சொல்லும்போது அவள் உண்மையாகவே அழுதுவிட்டாள். அவன் உட்காரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டிப் போனான். ஒருவரும் பின்னால் போகவில்லை. அவன் இலையை மட்டும் வேண்மாளே எடுத்துப் போட்டாள்.

ஆதனார் பாயசத்தை வழித்துக் குடித்து முடித்தார். இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். நேமியாருக்குக் கை மடங்கவில்லை. ஆதனார்தான் பிடித்துத் தூக்கிவிட்டார்.

பிறகு ஆதனார் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "காலைலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. உட்காரு, நாங்க பரிமாறுறோம்."

நேமியார் குறும்பாகக் கேட்டார். "அதுக்கு முன்னாடி சொல்லு தாயி. நீ பொழுதோட சாப்பிடுற ஆளா, பொழுது சாஞ்சு சாப்பிடுற ஆளா? ஊருக்குத் தெரியணுமே."

வேண்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுற ஆளு, தாத்தா."

அன்றைக்கே அவளுக்கு முடி சூட்டினார்கள். அதன் பிறகு கொன்றையூரில் எந்த முதற்பந்தி நடந்தாலும் பிரதோஷ நாளில்தான் நடந்ததாம்.

தன் நோன்பைக் காத்துக்கொண்டே அடுத்தவர் நோன்புக்காகவும் காத்திருக்கத் தெரிந்தவர்களை எந்தச் சூழ்ச்சியாலும் பிரிக்க முடியாது.