வாசல் குழம்பிய கோயில்

முன்னொரு காலத்தில், மலைகளெல்லாம் சோம்பல் முறித்துக்கொண்டிருந்த காலத்தில், சீன தேசத்தில் தாவோ மதத்தாரின் கோயில் ஒன்று இருந்தது. ஒருநாள் மலை கொஞ்சம் பலமாகவே சோம்பல் முறித்தது. பூமி அதிர்ந்தது, கோயில் தரைமட்டமானது.

தச்சன் பாவோ ஊராரைச் சேர்த்துக்கொண்டு மூன்று வருடத்தில் அதை மறுபடி கட்டினான். இடிபாட்டில் தப்பியவை இரண்டே பலகைகள். ஒன்றில் வாளேந்திய வாசல் காவலரின் உருவம், மற்றதில் வேலேந்திய காவலரின் உருவம். அவற்றைப் புது வாசலின் இரு பக்கமும் வைத்து ஆப்படித்தான்.

திறப்பு நாள் காலையில் முதல் ஊதுபத்தி ஏற்ற உள்ளே போன பாவோ, மாலையாகியும் வரவில்லை. அந்தி மணி அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு அடுத்த வருடத் திருவிழாவுக்குத்தான் திறப்பார்கள். அவன் மனைவி லியன் சும்மா இருப்பாளா?

உயரமான வாசற்படியைத் தாண்டினாள், ஏழடி நடந்தாள், பார்த்தால் வெளியே நிற்கிறாள்!

"இதென்ன கூத்து?" என்று மறுபடியும் வாசற்படியைத் தாண்டினாள், ஏழடி நடந்தாள், பார்த்தால் வெளியே நிற்கிறாள்! உள்ளிருந்து பாவோவின் குரல் மட்டும் கேட்டது.

"லியன், நான் உள்ளே போறேனா, வெளியே வர்றேனா? ஒண்ணும் புரியலையே!"

மூன்றாம் முறையும் அதே கதைதான். சொல்கிற எனக்கே தலை சுற்றுகிறது, அவளுக்குச் சுற்றாதா? படியோரம் உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்தில் இன்னொரு அழுகை கேட்டது. நிமிர்ந்தால், வாள் காவலர்!

"நீங்க ஏன் ஐயா அழறீங்க?"

"என் தம்பியைக் காணோம் தாயே. முன்னெல்லாம் கண்ணெதிரே நிப்பான். இப்போ காடுதான் தெரியுது. நான் அவனைத் தேடுவேனா, வர்றவங்களுக்கு வழி காட்டுவேனா?"

மறுபக்கத்தில் வேல் காவலர் தேம்பினார். "என் அண்ணனைக் காணோமே!"

லியனுக்குப் பழசு நினைவுக்கு வந்தது. பூகம்பத்தின்போது இடிந்த சுவருக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் பாவோவும் மூன்று நாள் இப்படித்தான் தேடி அலைந்தார்கள். பலகைகளை உற்றுப் பார்த்தாள். அட மனுஷா! இடப்பலகை வலப்பக்கம், வலப்பலகை இடப்பக்கம். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசையில் முகம் திருப்பி நிற்கிறார்கள்.

பூசாரி மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சாமி!"

தச்சன் பெண்டாட்டிக்கு ஆப்பு பிடுங்கத் தெரியாதா? ஒரு கல்லால் தட்டிப் பிடுங்கினாள், பலகைகளை இடம் மாற்றினாள், திரும்ப அடித்தாள்.

"அண்ணா!"

"தம்பி!"

மறுகணம் பாவோ வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தான். பலகைகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"ஐயோ, மாத்தி அடிச்சது நானா?"

"நீங்களேதான். கையைக் கொடுங்க முதல்ல." லியன் அந்தக் கையை இறுகப் பிடித்தாள். அப்புறம்தான் மணி அடித்தது.

இப்போது அந்தக் கோயிலில் உள்ளே போகிறவர் உள்ளேதான் போகிறார், வெளியே வருகிறவர் வீட்டுக்குப் போகிறார். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். நாமும் வீட்டுக்குப் போவோம், நம்மையும் யாராவது தேடுவார்கள்.